பழைய கமரா, கார்ட்டில் மீதி இடம்: யூஎஸ்பி வழியாக எப்படிக் கேட்பது?

கடற்காற்று (உப்புவெளி)

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் பழைய கூட்டக் குறிப்பேடுகளும் கையெழுத்துச் சஞ்சிகைகளும் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. கடலுக்குக் கிட்ட என்பதால் ஈரமும் செல்லும் சேர்ந்து தாள்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வருகிறோம்.

கமரா 2003 அளவில் வந்த ஒரு கொம்பக்ட். மேசைக்கு மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும்படி தாங்கியில் பூட்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கார்ட் போடும் மூடி கமராவின் அடியில் இருக்கிறது. தாங்கியின் தகடு அதை மறைத்துவிடும். கார்டை எடுக்க வேண்டுமென்றால் கமராவையே கழற்ற வேண்டும். கழற்றினால் மட்டம் போய்விடும், திரும்பச் சரிசெய்ய அரை நாள் போகும். இன்னும் எத்தனை படம் பிடிக்கலாம் என்று பார்ப்பதற்கும் வழியில்லை. திரை கூரையைப் பார்த்தபடி இருக்கிறது, கதிரையில் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

கமராவுடன் வந்த மென்பொருளில் கணினியிலிருந்தே ஷட்டரை அழுத்தலாம், மீதி இடமும் தெரியும். ஆனால் அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். எங்களிடம் இருப்பது லினக்ஸ் போட்ட லப்டொப். லினக்ஸில் கமராக்களோடு பேசும் ஜிபோட்டோ2 என்ற நிரல் இந்தக் கமராவை அடையாளமே காணவில்லை. அந்த மென்பொருள் கமராவிடம் என்னதான் கேட்கிறது என்று கண்டுபிடித்து, அதையே நாங்களும் கேட்க வழி இருக்கிறதா?

கொட்டியாரம்

முதலில் கமராவின் மெனுவைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கமராக்கள் சிலவற்றில் யூஎஸ்பி முறை என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் பிடிபி (கமராவும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழி) இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால், லினக்ஸில் யூஎஸ்பி சாதன விவரத்தை முழுதாக எடுத்து, இடைமுக வகை என்ன எண் என்று சொல்லுங்கள்.

கடற்காற்று (உப்புவெளி)

மெனுவில் அப்படி எதுவும் இல்லை. வகை 255. பல்க் உள்ளே ஒன்று, பல்க் வெளியே ஒன்று, இன்ட்ரப்ட் ஒன்று என்று மூன்று எண்ட்பொயின்ட் (தரவு போய்வரும் வாசல்) காட்டுகிறது.

பாலையூற்று

தம்பி, இவ்வளவு மினக்கெடுவதை விட, பக்கவாட்டில் கார்ட் போடுகிற மாதிரிப் பாவித்த கமரா ஒன்றை வாங்கலாமே?

கடற்காற்று (உப்புவெளி)

வாங்கலாம் அண்ணா, ஆனால் நிலையத்தின் காசில் வாங்க வேண்டும், இந்த வருடம் அது கூரை ஓட்டுக்குப் போய்விட்டது. கமராவும் நல்ல கமரா. கிட்டத்தில் இருந்து எழுத்தைப் பிடிக்கும்போது ஓரம்கூட மங்குவதில்லை. ஒரு எண்ணை அறிய முடியவில்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

கொட்டியாரம்

மூன்று எண்ட்பொயின்ட் இருப்பது நல்ல சகுனம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வகை 255 என்றால் "இது எங்கள் சொந்த மொழி, பொது டிரைவர் எதுவும் கிட்ட வராதே" என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். உள்ளே பேசுவது உண்மையில் சொந்த மொழியா என்பதைக் காதால் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு எக்ஸ்பி உள்ள தனிக் கணினி தேவையில்லை. லினக்ஸில் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்பியை நிறுவுங்கள். கமராவை அந்த எக்ஸ்பிக்குக் கொடுத்துவிடுங்கள். தயாரிப்பாளரின் மென்பொருள் உள்ளே ஓடட்டும். வெளியே லினக்ஸ் கர்னலின் யூஎஸ்பிமொன் மொடியூலை ஏற்றிவிட்டு, தரவைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால், யூஎஸ்பி வழிகளும் பட்டியலில் வரும். கமரா எந்த வழியில் இருக்கிறதோ அதைத் தெரிவுசெய்தால், போகிற வருகிற ஒவ்வொரு பைட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இனித்தான் முக்கியமான இடம். ஒரு பதிவை எடுத்து வைத்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. ஒரே வேலையை இரண்டு தடவை பதிவு செய்யுங்கள், நடுவில் ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றுங்கள். மென்பொருளைத் திறந்து, மீதி இடம் தெரிந்தவுடன் மூடுங்கள்: அது முதல் பதிவு. ஒரு படம் பிடியுங்கள். திரும்பத் திறந்து மூடுங்கள்: அது இரண்டாம் பதிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தப் பைட் மாறியது என்று பாருங்கள். இடையில் படத் தரத்தை மாற்றாதீர்கள், கார்டை மாற்றாதீர்கள், திகதியைக்கூடத் தொடாதீர்கள்.

சின்ன கார்ட் ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள். முழுவதையும் நிறைத்துப் பார்க்கும் சோதனை பிறகு தேவைப்படும். நிலையத்தின் படங்கள் உள்ள கார்ட் வேண்டவே வேண்டாம்.

கடற்காற்று (உப்புவெளி)

128 மெகாபைட் கார்ட் ஒன்று கிடைத்தது. சொன்னபடி செய்தேன். படம் பிடிக்க முதல் மென்பொருள் காட்டியது 89.2 மெகாபைட், 52 படம். பிடித்த பிறகு 87.5 மெகாபைட், 51 படம்.

52 என்பது ஹெக்ஸில் (16 ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 34, ஆகவே முதலில் 34 என்ற பைட்டைத்தான் தேடினேன். எங்கு பார்த்தாலும் 34. கோப்புப் பெயர்களில் வரும் "4" என்ற எழுத்துக்கும் அதே பைட்தான். ஆனால் இரண்டு பதிவையும் ஒப்பிட்டபோது, 34 ஆக இருந்து 33 ஆக மாறிய இடம் ஒன்றே ஒன்று. அந்தப் பாக்கெட் இதுதான்.

கணினி அனுப்பியது:
10 00 00 00 01 00 05 10 04 00 00 00 01 00 01 00

கமரா திருப்பி அனுப்பியது:
28 00 00 00 02 00 05 10 04 00 00 00
04 00 03 00 00 00
00 40 88 07 00 00 00 00
00 80 93 05 00 00 00 00
34 00 00 00 00 00

இரண்டாம் பதிவில் நான்காவது வரி 00 40 78 05 என்றும், ஐந்தாவது வரியின் தொடக்கம் 33 என்றும் மாறியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே. வரிகளை இப்படிப் பிரித்தது நான்தான், பார்க்க இலகுவாக இருக்கட்டும் என்று.

நிலாவெளி அக்கா

கடற்காற்று, இது தயாரிப்பாளரின் சொந்த மொழியே இல்லை. 05 10 என்பதைத் திருப்பி வாசியுங்கள்: 1005. பிடிபியில் சேமிப்பகத்தின் விவரத்தைக் கேட்கும் கட்டளையின் எண் அதுதான். உங்கள் கமரா பிடிபிதான் பேசுகிறது. கதவில் மட்டும் 255 என்று வேறு பலகையைத் தொங்கவிட்டிருக்கிறது.

பிடிபி 2000 இல் பீமா 15740 என்ற பெயரில் வந்தது, பிறகு ஐஎஸ்ஓ 15740 ஆனது. யூஎஸ்பியில் அதற்கென்று ஒதுக்கிய வகை 6. அந்த 6 ஐப் போடாமல் 255 ஐப் போட்டால் பொது டிரைவர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டா. ஜிபோட்டோவும் அப்படித்தான். ஒன்றில் சாதனத்தின் எண் அதன் அட்டவணையில் இருக்க வேண்டும், அல்லது வகை 6 ஆக இருக்க வேண்டும். கொட்டியாரம் மூன்று எண்ட்பொயின்ட் பற்றிச் சொன்னதும் இதனால்தான். பிடிபி கமராவுக்கு இருக்க வேண்டியது அதே மூன்று.

இனி பைட்டுகளுக்கு வருவோம். பிடிபி யூஎஸ்பியில் போகும்போது எல்லா எண்ணும் சின்ன முனையிலிருந்து, அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்படி எழுதப்படும். முதல் 12 பைட் தலைப்பு. நான்கு பைட் மொத்த நீளம்: ஹெக்ஸ் 28, அதாவது 40. எண்ணிப் பாருங்கள், 40 பைட் சரியாக இருக்கும். அடுத்த இரண்டு பைட் இது எந்த மாதிரிப் பாக்கெட் என்று சொல்கிறது: 1 கட்டளை, 2 தரவு, 3 பதில், 4 நிகழ்வு. பிறகு 1005. பிறகு கொடுக்கல் வாங்கலின் வரிசை எண், இங்கே 4. நீங்கள் அனுப்பியதிலும் 4, வந்ததிலும் 4. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது அதனால்தான் குழம்புவதில்லை.

கேள்வியின் கடைசி நான்கு பைட் 00010001. அது சேமிப்பகத்தின் அடையாளம். மேல் பாதி எந்தக் கார்ட் துளை, கீழ்ப் பாதி அதற்குள் எந்தப் பகுதி. கார்டை எடுத்துவிட்டு 1004 ஐ அனுப்பி அடையாளப் பட்டியலைக் கேட்டால் கீழ்ப் பாதி 0 ஆக வர வேண்டும்.

தலைப்புக்குப் பிறகு வருவது: 0004, கழற்றக்கூடிய, எழுதக்கூடிய நினைவகம். 0003, கமராக்கள் பாவிக்கும் டிசிஎஃப் கோப்பு முறை. 0000, வாசிக்கவும் எழுதவும் தடையில்லை. அடுத்த எட்டு பைட் மொத்தக் கொள்ளளவு: 07884000, தசமத்தில் 126,369,792. அடுத்த எட்டு பைட் மீதி இடம்: 05938000, அதாவது 93,552,640. இதை 1,048,576 ஆல் பிரித்தால் 89.2. உங்கள் மென்பொருள் காட்டியதும் அதுதான். பிறகு நான்கு பைட்டில் மீதிப் படங்கள், 52. கடைசி இரண்டு பூச்சியமும் இரண்டு வெற்றுச் சொற்றொடர்கள்: ஒன்று சேமிப்பகத்தின் விவரணை, மற்றது கார்டின் பெயர். பிடிபியில் சொற்றொடரின் முதல் பைட் எழுத்துகளின் எண்ணிக்கை என்பதால், வெறுமையாக இருந்தால் ஒரு 00 தான் மிஞ்சும்.

எட்டு பைட்டையும் முழுதாக வாசியுங்கள். 128 மெகாபைட் கார்டில் கீழ் நான்கை மட்டும் எடுத்தாலும் சரியாக வரும், ஆனால் 4 கிகாபைட்டைத் தாண்டினால் அந்தக் கணக்கு பிழைக்கும். உங்கள் கமராவுக்கு இது வராது, பெரிய கொள்ளளவுள்ள எஸ்டிஎச்சி கார்ட் வந்ததே 2006 இல்தான். ஆனால் நீங்கள் எழுதும் நிரலை நாளைக்கு வேறு யாராவது வேறு கமராவில் ஓட்டுவார்கள்.

மூதூர்த் தம்பி

அக்கா, அப்படியென்றால் 1001 இலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாக அனுப்பிப் பார்த்து, எதற்குப் பதில் வருகிறது என்று ஒரு பட்டியல் போடலாமே? தயாரிப்பாளரின் மற்ற ஒளிந்த கட்டளைகளும் அகப்படும்.

நிலாவெளி அக்கா

தம்பி, அதை மட்டும் செய்யவேண்டாம். தயவு செய்து.

1005 இலிருந்து ஆறு எண் மேலே போனால் படத்தை அழிக்கும் கட்டளை. பத்து எண் மேலே போனால் கார்டை ஃபோர்மட் பண்ணும் கட்டளை. ஃபோர்மட் கட்டளை கேட்கும் அளவுருவும் சேமிப்பகத்தின் அடையாளம்தான், 1005 கேட்பதும் அதேதான். எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு, அளவுருவை அப்படியே விட்டு ஒரு வட்டம் ஓட்டினால், கமரா ஒரு கேள்வியும் கேட்காமல் கார்டைத் துடைத்துவிட்டு "சரி" என்று பதில் சொல்லும். ஹெக்ஸில் 9000 க்கு மேலே தயாரிப்பாளரின் சொந்தக் கட்டளைகள். அங்கே நிலைபொருளை (கமராவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) மாற்றும் கட்டளைகூட இருக்கலாம்.

பட்டியல்தான் வேண்டுமென்றால் கமராவிடமே கேட்கலாம். 1001 ஐ அனுப்புங்கள், அதற்கு அமர்வு திறக்கக்கூடத் தேவையில்லை. தான் எந்தெந்தக் கட்டளைக்குப் பதில் சொல்வேன், எந்தெந்த நிகழ்வை அறிவிப்பேன் என்று கமராவே வரிசையாகத் தரும். தெரிந்தவற்றை அதில் கழித்தால் மிஞ்சுவதுதான் தயாரிப்பாளருடையது. அவை என்ன செய்கின்றன என்பதை, மென்பொருள் அவற்றை அனுப்பும்போது பக்கத்தில் இருந்து பார்த்து அறியலாம். நாமாக அனுப்பிப் பார்ப்பது ஆகக் கடைசி வழி, அதுவும் வெறும் கார்டில்.

மூதூர்த் தம்பி

சரி அக்கா, விளங்கியது. 1001 ஐயே பார்க்கிறேன். வீட்டிலும் பழைய கமரா ஒன்று கிடக்கிறது.

கிண்ணியாப் பாலம்

எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. கடற்காற்று, நீங்கள் பிடித்த அந்தப் படத்தின் கோப்பு எத்தனை பைட்? மீதி இடம் 93,552,640 இலிருந்து 91,766,784 ஆகியிருக்கிறது. குறைந்தது 1,785,856. கோப்பும் அவ்வளவாக இருக்க வேண்டுமே?

கடற்காற்று (உப்புவெளி)

கோப்பு 1,781,204 பைட். 4,652 பைட் உதைக்கிறது.

கொட்டியாரம்

அந்த 4,652 தான் இதற்குச் சாட்சி. கார்டில் இடம் துண்டு துண்டாகத்தான் ஒதுக்கப்படும். 1,785,856 ஐ 16,384 ஆல் பிரியுங்கள், மிச்சமில்லாமல் 109 வரும். கோப்புக்கு 108 துண்டு போதவில்லை, 109 ஆவது துண்டில் கொஞ்சம் வெறுமையாகக் கிடக்கிறது. கொள்ளளவு, முதல் மீதி, பின் மீதி மூன்றுமே 16,384 ஆல் சரியாகப் பிரிபடும். ஆகவே இந்த எண் உண்மையில் பைட் கணக்குத்தான், கமரா ஊகித்துச் சொல்லும் எண் அல்ல, கோப்பு முறையின் அட்டவணையிலிருந்து எடுத்துத் தருகிறது என்று நம்பலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண் பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்றவுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பைட்டா, கிலோபைட்டா, துண்டுகளின் எண்ணிக்கையா என்பது ஒரு பதிவில் தெரியாது. நீங்களே மாற்றி, மாறிய அளவும் கணக்கில் பொருந்தினால்தான் அந்தப் புலத்தைப் புரிந்துகொண்டீர்கள் என்று அர்த்தம். மற்றப் புலங்களையும் அப்படியே சோதியுங்கள். கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை இழுத்துவிட்டு 1005 அனுப்புங்கள், மூன்றாவது புலம் மாறுகிறதா? கார்டை எடுத்துவிட்டு அனுப்புங்கள், 2013 வருகிறதா? அது "சேமிப்பகம் இல்லை" என்ற பதில். கடைசியாகக் கார்டை முழுவதும் நிறையுங்கள்.

கடற்காற்று (உப்புவெளி)

மூன்றையும் செய்தாயிற்று. பூட்டினால் மூன்றாவது புலம் 01 00 ஆகிறது, வாசிக்க மட்டும். கார்ட் இல்லாதபோது 2013. நிறைத்த கார்டில் மீதிப் படம் 0, ஆனால் மீதி இடம் 0 ஆகவில்லை. ஒரு முழுப் படத்துக்குக் காணாத இடம் கொஞ்சம் அப்படியே நிற்கிறது.

பைதனில் நிரலும் எழுதிவிட்டேன். பையுஎஸ்பி என்ற நிரல் நூலகத்தால் கமராவைத் திறந்து, 1002 ஆல் அமர்வைத் தொடங்கி, 1004, 1005, பிறகு 1003 ஆல் அமர்வை மூடுவது. அமர்வைத் திறக்காமல் 1004 ஐ அனுப்பினால் 2003 என்று மறுக்கிறது, அதுவும் விதிப்படிதான்.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சில வேளை பதில் வராமல் நேரம் முடிந்துவிடுகிறது. கர்னலின் பதிவில் சாதனம் துண்டிக்கப்பட்டுத் திரும்ப இணைந்ததாக வருகிறது. நிரலில் எதைப் பார்ப்பது?

கிண்ணியாப் பாலம்

நிரலைத் தொடமுன் கேபிளைப் பாருங்கள். நான் இங்கே போன் திருத்துகிறேன், வரும் பழுதில் பாதி உப்புதான். கமராவின் மினி யூஎஸ்பி வாயை விளக்கு வைத்துப் பாருங்கள். தகடுகளின் நுனியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்கு இருந்தால் அதுதான் காரணம். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் அல்ககோலும் மென்மையான பிரஷும் போதும். தண்ணீர் கலந்த மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம். காய்ந்த பிறகு கேபிளைச் செருகி, தொங்கவிடாமல் தாங்கியின் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபிளின் பாரம் அந்தச் சின்ன வாயில் விழக்கூடாது.

கடற்காற்று (உப்புவெளி)

பச்சைப் பொருக்கேதான் அண்ணா. துடைத்துக் கட்டிய பிறகு ஒரு தடவைகூடத் துண்டிக்கவில்லை. மிக்க நன்றி.

நிலாவெளி அக்கா

நல்லது. இனி இதை வேலைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். சில விநாடிக்கு ஒரு தடவை 1005 ஐ அனுப்பிக்கொண்டிருப்பது தேவையில்லாத சுமை. படம் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டால் 2019 என்று வரக்கூடும், "வேலையாக இருக்கிறேன்" என்ற பதில். இன்ட்ரப்ட் எண்ட்பொயின்ட்டைக் கவனியுங்கள். புதுப் படம் கார்டில் விழுந்தவுடன் 4002 என்ற நிகழ்வு வரும். அது வந்த பிறகு ஒரு தடவை கேட்டால் போதும். 2019 வந்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள்.

இன்னொன்று. மீதிப் படங்களின் எண்ணிக்கையை அளவுக்கு மிஞ்சி நம்பவேண்டாம். இப்போதைய தரத்தில் ஒரு படம் சராசரியாக எவ்வளவு வரும் என்று கமரா போடும் மதிப்பீடு அது. வெறும் பக்கத்தைப் பிடித்தால் ஜேபெக் சின்னதாக வரும், எண் குறையாமலே நிற்கலாம். மை ஊறி, நெருக்கமாக எழுதிய பக்கம் என்றால் ஒரே படத்துக்கு இரண்டு குறையலாம். சில கமராக்கள் அந்தப் புலத்தை நிரப்புவதே இல்லை, 32 பிட்டும் 1 ஆக வரும். அதை எண் என்று எடுத்து 429 கோடிப் படம் மீதி என்று காட்டாமல், "தெரியாது" என்று காட்டுங்கள். எச்சரிக்கையை மீதி பைட்டை வைத்தே போடுங்கள்.

கடற்காற்று (உப்புவெளி)

செய்துவிட்டேன். எங்கள் குறிப்பேடுகளில் ஆகப் பெரிய படம் எவ்வளவு வந்தது என்பதை நிரல் நினைவில் வைக்கும். மீதி இடம் அதன் பத்து மடங்குக்குக் கீழே போனால் லப்டொப் சத்தம் போடும். உடனே படங்களைக் கேபிள் வழியாகவே இறக்கி, இரண்டு இடத்தில் சேமித்து, கோப்பின் அளவுகளை ஒப்பிட்ட பிறகுதான் கார்டில் அழிப்போம். கமரா தாங்கியிலிருந்து அசையவே தேவையில்லை. நேற்று ஒரு முழுக் குறிப்பேடு, அட்டையிலிருந்து அட்டை வரை, இடையில் நிறுத்தாமல் முடிந்தது.

பாலையூற்று

நல்ல செய்தி தம்பி. கூரையும் கமராவும் இரண்டும் தப்பின.

கொட்டியாரம்

இதை நம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஜிபோட்டோ ஆட்களுக்கு அனுப்புங்கள். லிப்ஜிபோட்டோ2 இன் பிடிபி2 டிரைவரில் கமராக்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. உங்கள் கமராவின் பெயர், தயாரிப்பாளர் எண், சாதன எண், இவற்றோடு ஒரு வரி சேர்த்தால், அடுத்த வெளியீட்டிலிருந்து எந்த லினக்ஸிலும் செருகியவுடன் தெரியும். சேமிப்பு விவரம் கேட்கும் கட்டளை ஜிபோட்டோ2 இல் ஏற்கனவே இருக்கிறது, உங்கள் நிரலே தேவைப்படாது. பிடிபி வருவதற்கு முந்திய கெனன் பவர்ஷொட்களுக்கு அங்கே தனி டிரைவர் இருப்பதும் இப்படி யூஎஸ்பிப் பேச்சைப் பதிவு செய்து படித்தவர்களால்தான். அவர்களுக்கு ஒரு பொது விதிநூலும் துணைக்கு இருக்கவில்லை.

அனுப்பும்போது மூன்று சோதனைப் பதிவுகளையும் இணையுங்கள். கமராவின் தொடர் எண் 1001 இன் பதிலில் வரும், அதை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மூதூர்த் தம்பி

என் கமராவில் 1001 க்குப் பதில் வந்துவிட்டது. வகை 6, ஜிபோட்டோவும் கண்டுகொள்கிறது. ஆனால் பட்டியலில் 1004, 1005 இருந்தும் கணினியிலிருந்து ஷட்டரை அழுத்தும் கட்டளை இல்லை. கேபிளைச் செருகியவுடன் லென்ஸும் உள்ளே போய்விடுகிறது. இதையும் தாங்கியில் பூட்டலாமா?

நிலாவெளி அக்கா

அந்த வேலைக்கு அது சரிவராது தம்பி. லென்ஸ் உள்ளே போய் வந்தால் ஸூமும் ஃபோக்கஸும் இடம் மாறும், ஒவ்வொரு தடவையும் திரும்ப மட்டம் பார்க்க வேண்டும். ஆனால் 1005 வேலை செய்வதால் படிப்பதற்கு நல்ல கமரா. 1001 இன் பதிலை முழுதாக இங்கே ஒட்டுங்கள், தொடர் எண்ணை எடுத்துவிட்டு. 9000 க்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.